குறைமாத, நிறைமாதக் குழந்தைகளின் குருதியில் ஊட்டப்பொருள் அளவுகள்

பிறந்த குழந்தையின் குருதியில் குளுக்கோசு, கால்சியம், பாசுபரசு, இரும்பு, வைட்டமின்கள் எனப்படும் உயிர்ச்சத்துகள் முதலியவை எந்த அளவில் இருக்கின்றன என்பது முதன்மையாக இரண்டைப் பொறுத்தது. ஒன்று, அக்குழந்தை கருப்பையில் எத்தனை வாரங்கள் இருந்தது என்பது. மற்றொன்று, பிறந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பது. இவ்விரண்டையும் அறியாமல் ஆய்வகத் தாளில் உள்ள எண்ணை மட்டும் பார்ப்பவர் தவறான முடிவுக்கே வருவார். பிறந்து ஒன்றரை மணி நேரமான, நலமான நிறைமாதக் குழந்தையின் குருதியில் குளுக்கோசு டெசிலிட்டருக்கு 35 மில்லிகிராம் இருப்பது பெரும்பாலும் இயல்பான இறக்கமே. அதே எண் மூன்றாம் நாளில் தென்பட்டால் உடனே காரணம் தேட வேண்டும். பெரியவர் ஒருவரிடம் அந்த எண் தென்பட்டால் அவர் மயங்கிவிடவும் கூடும்.

கருவுற்ற 37 வாரங்கள் நிறைவடைவதற்கு முன் பிறக்கும் குழந்தை குறைமாதக் குழந்தை எனப்படுகிறது. உலக சுகாதார அமைப்பு இதை மூன்றாகப் பிரிக்கிறது: 28 வாரங்களுக்கு முன் பிறந்தவை மிகத் தீவிரக் குறைமாதக் குழந்தைகள், 28 முதல் 32 வாரங்களுக்குள் பிறந்தவை தீவிரக் குறைமாதக் குழந்தைகள், 32 முதல் 37 வாரங்களுக்குள் பிறந்தவை மிதமான குறைமாதக் குழந்தைகள். 2020-ஆம் ஆண்டில் உலகில் ஏறக்குறைய 1.34 கோடிக் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. அதாவது பத்துக் குழந்தைகளில் ஒன்று. எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்த நாடு இந்தியா. அங்கு மட்டும் ஏறக்குறைய 30 இலட்சம்.

கடைசி மூன்று மாதங்களில் சேரும் இருப்பு

கருவின் உடலில் ஊட்டப்பொருள்கள் பத்து மாதமும் ஒரே சீராகச் சேர்வதில்லை. முதல் ஆறு மாதங்களில் உறுப்புகள் உருவாகின்றன. இருப்பு சேர்வது பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான். நிறைமாதக் குழந்தையின் உடலில் ஏறக்குறைய 30 கிராம் கால்சியம் உள்ளது. அதில் ஐந்தில் நான்கு பங்கு இக்காலத்தில் வந்து சேர்ந்தது. பாசுபரசும் அவ்வாறே. இரும்பின் பெரும்பகுதி, கல்லீரலில் சேமிக்கப்படும் கிளைக்கோசன், செப்பு, மூளைக்கும் விழித்திரைக்கும் வேண்டிய நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் ஆகியனவும் இதே காலத்தவை. கொழுப்பில் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். 24 வாரக் கருவின் எடையில் கொழுப்பு இரண்டு விழுக்காட்டைத் தாண்டாது. நிறைமாதத்தில் அது 12 முதல் 15 விழுக்காடு வரை உயர்கிறது. குறைமாதக் குழந்தையின் தோல் கண்ணாடிபோல் மெலிந்து நாளங்கள் வெளித்தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே 28-ஆம் வாரத்தில் பிறந்த குழந்தை, சேமிப்புக் கணக்குத் தொடங்கும் நேரத்தில் வெளியே வந்துவிட்ட குழந்தை. ஆனால் அதன் தேவை குறைவதில்லை. கருப்பையில் இருந்திருந்தால் அடுத்த 12 வாரங்களில் எவ்வளவு பெற்றிருக்குமோ அவ்வளவையும் வாய் வழியாகவோ நாளம் வழியாகவோ பெற்றாக வேண்டும். ஏழாம் மாதத்தில் பிறந்தது பிழைக்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தது பிழைக்காது என்ற பழைய நம்பிக்கை இன்றும் சில வீடுகளில் உண்டு. இருப்புக் கணக்கு அதற்கு நேர்மாறானது: கருப்பையில் கூடும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு ஆதாயமே.

நஞ்சுக்கொடி தரும் அளவு

தொப்புள்கொடிக் குருதியில் காணப்படும் அளவுகள் தாயின் குருதியில் உள்ள அளவுகளின் நேர்ப்படி அல்ல. நஞ்சுக்கொடி சிலவற்றை ஆற்றல் செலவிட்டுக் கருவின் பக்கம் ஏற்றுகிறது. சிலவற்றைத் தாமாகக் கசிந்து செல்ல விடுகிறது. சிலவற்றை ஏறக்குறையத் தடுத்துவிடுகிறது.

அமினோ அமிலங்கள், கால்சியம், பாசுபரசு, துத்தநாகம், நீரில் கரையும் உயிர்ச்சத்துகளான போலேட்டு, பி12, சி ஆகியவை முதல் வகையைச் சேர்ந்தவை. இவற்றின் அளவு தாயின் குருதியைவிடக் கருவின் குருதியில் கூடுதலாக இருக்கும். தாய்க்கு ஓரளவு பற்றாக்குறை இருந்தாலும் கரு தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. குளுக்கோசு இரண்டாம் வகை. தாயின் அளவில் ஏறக்குறைய 60 முதல் 80 விழுக்காடு கருவில் இருக்கும். தாயின் அளவு ஏறினால் கருவிலும் ஏறும். கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே ஆகிய உயிர்ச்சத்துகள் பின்தங்கியவை. ஏ உயிர்ச்சத்தின் குருதி வடிவமான ரெட்டினால் தாயின் அளவில் பாதி. உயிர்ச்சத்து ஈ மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. உயிர்ச்சத்து கே முப்பதில் ஒரு பங்கு மட்டுமே. ஆகவே நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் உயிர்ச்சத்து கே போதாது; குறைமாதம் அந்தக் குறையைக் கூட்டுகிறது, புதிதாக உண்டாக்குவதில்லை.

குளுக்கோசு

தொப்புள்கொடி இறுக்கப்பட்ட நொடியில் தாயிடமிருந்து வந்த குளுக்கோசு நின்றுவிடுகிறது. குழந்தையின் குருதியில் உள்ள அளவு உடனே சரியத் தொடங்கி, ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் அடிமட்டத்தைத் தொடுகிறது. நலமான நிறைமாதக் குழந்தையிடம்கூட அது டெசிலிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை இறங்கலாம். பின்னர் தானாகவே ஏறி, முதல் நாள் முடிவதற்குள் 45-ஐத் தாண்டி, மூன்றாம் நாளில் பெரியவர்களின் அளவை எட்டுகிறது.

இந்த ஏற்றத்துக்குப் பின்னால் ஒரு பெரிய மாற்றம் நிகழ்கிறது. பிறப்பின்போது சுரக்கும் அட்ரினலினும் குளுக்ககானும் கல்லீரலில் உள்ள கிளைக்கோசனை உடைக்கின்றன, இன்சுலின் குறைகிறது, கொழுப்பு கரைந்து கீட்டோன்கள் உருவாகின்றன. நிறைமாதக் குழந்தையின் கல்லீரல் கிலோவுக்கு நிமிடத்துக்கு 4 முதல் 6 மில்லிகிராம் குளுக்கோசை வெளியிடுகிறது. மூன்று கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது மணிக்கு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு. பெரியவரின் தேவையோ கிலோவுக்கு நிமிடத்துக்கு 2 மில்லிகிராம்தான். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் மூளை. பெரியவரின் எடையில் மூளை இரண்டு விழுக்காடு. பிறந்த குழந்தையின் எடையில் ஏறக்குறைய 12 விழுக்காடு. உணவு கிடைக்காவிட்டால் கிளைக்கோசன் இருப்பு முதல் 12 மணி நேரத்துக்குள்ளேயே பெருமளவு கரைந்துவிடும்.

குறைமாதக் குழந்தையிடம் கிளைக்கோசனும் குறைவு, கரைப்பதற்குக் கொழுப்பும் குறைவு, அமினோ அமிலங்களிலிருந்து குளுக்கோசு செய்யும் நொதிகளும் முழுமையாக இயங்கத் தொடங்கவில்லை. நிறைமாதக் குழந்தையின் மூளை குளுக்கோசு குறையும்போது கீட்டோன்களையும் லாக்டேட்டையும் எரித்துச் சமாளிக்கிறது. குறைமாதக் குழந்தைக்கு இந்த மாற்று எரிபொருள் போதிய அளவில் கிடைப்பதில்லை. இரண்டு குழந்தைகளிடமும் ஆய்வகம் 40 என்று காட்டினாலும், மூளைக்குக் கிடைக்கும் எரிபொருள் ஒன்றல்ல. குருதிச் சர்க்கரைக் குறைவு நீடித்தால் நடுக்கம், சோர்வு, பால் குடிக்க மறுத்தல், மூச்சு நின்று நின்று வருதல், வலிப்பு ஆகியவை தோன்றலாம். எந்த அறிகுறியும் இல்லாமலும் இருக்கலாம். குறைமாதக் குழந்தையிடம் அதுவே பெரும்பாலும் நிகழ்வது.

எந்த எண்ணுக்குக் கீழே சிகிச்சை தொடங்குவது என்பது அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தீராத விவாதம். பலரும் பயன்படுத்தும் 47 (லிட்டருக்கு 2.6 மில்லிமோல்) என்ற எண் 1988-இல் பிரித்தானியாவில் ஆலன் லூக்கசும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட ஆய்வால் பரவியது. 1,850 கிராமுக்குக் குறைவான எடையில் பிறந்த 661 குறைமாதக் குழந்தைகளில், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நாட்களில் அந்த எண்ணுக்குக் கீழே இறங்கியவர்கள் 18-ஆம் மாதத்தில் வளர்ச்சியில் பின்தங்கியிருந்தனர். ஆனால் 32 வாரங்களுக்கு முன் பிறந்த வேறொரு குழுவை வடக்கு இங்கிலாந்தில் 15 வயது வரை பின்தொடர்ந்து 2012-இல் வெளியிட்ட ஆய்வு அத்தகைய வேறுபாட்டைக் காணவில்லை. குறைமாதக் குழந்தைகளைப் பார்த்து எழுந்த இந்த எண், பின்னர் நிறைமாதக் குழந்தைகளுக்கும் அப்படியே பொருத்தப்பட்டது வியப்புக்குரியது. நெதர்லாந்தில் 35 வாரங்களுக்குப் பின் பிறந்த, ஆபத்து வாய்ப்புள்ள 689 குழந்தைகளிடம் 47, 36 ஆகிய இரு எல்லைகளை ஒப்பிட்ட ஆய்வு 2020-இல் வெளிவந்தது. 18-ஆம் மாத வளர்ச்சியில் குறைந்த எல்லை தாழ்ந்துபோகவில்லை. எனினும் அக்குழுவில் கடுமையாகச் சரிந்த நிகழ்வுகள் கூடுதலாக இருந்தன.

ஆகவே எல்லாக் குழந்தைகளின் குதிகாலிலும் குத்திப் பார்ப்பது வழக்கமல்ல. குறைமாதக் குழந்தை, கருப்பை வாரத்துக்கு ஏற்ற எடை இல்லாத குழந்தை, மிகப் பெரிய குழந்தை, நீரிழிவு உள்ள தாயின் குழந்தை ஆகியோருக்கே தொடர் சோதனை செய்யப்படுகிறது. நீரிழிவுள்ள தாயின் குழந்தை தனிக்கதை. தாயின் குருதியிலிருந்து மிகுதியாக வந்த குளுக்கோசுக்கு ஈடாகக் கருவின் கணையம் இன்சுலினை மிகுதியாகச் சுரந்து பழகியிருக்கும். கொடி அறுந்ததும் குளுக்கோசு நிற்கிறது, இன்சுலின் நிற்பதில்லை. நான்கு கிலோ எடையுடன் கொழுகொழுவென்று இருக்கும் குழந்தையின் சர்க்கரை சட்டெனச் சரிவது இதனால்தான். இந்த விளக்கத்தை முன்வைத்தவர் டென்மார்க்கு மருத்துவர் யோர்கன் பெடர்சன்.

நலமான குழந்தைக்கு முதல் மருந்து தாய்ப்பாலே. நியூசிலாந்தில் 35 வாரங்களுக்குப் பின் பிறந்த குழந்தைகளிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு, கன்னத்தின் உட்புறம் 40 விழுக்காடு டெக்சுட்ரோசு கூழ்மத்தைத் தடவிவிட்டுப் பாலூட்டுவதால் பயன் உண்டு எனக் காட்டியது. சிகிச்சை பலனளிக்காமல் போனோர் 24 விழுக்காட்டிலிருந்து 14 விழுக்காடாகக் குறைந்தனர். இதைச் சேனை தொட்டு வைக்கும் வழக்கத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கூழ்மம் எடைக்கேற்ப அளந்து, சோதனை செய்து, பாலூட்டலுடன் சேர்த்துக் கொடுக்கப்படுவது. சர்க்கரைத் தண்ணீரோ சீம்பாலைத் தள்ளிப் போடுகிறது; தேனில் குழந்தைக்கு நஞ்சாகக்கூடிய பாக்டீரிய வித்துகள் இருக்கலாம்.

மிகச் சிறிய குழந்தைகளிடம் எதிர்மாறான சிக்கலும் உண்டு. 28 வாரங்களுக்கு முன் பிறந்தவர்களுக்கு நாளம் வழியே குளுக்கோசு செலுத்தும்போது அளவு 180-ஐயும் தாண்டி ஏறக்கூடும். வெளியிலிருந்து குளுக்கோசு வந்தாலும் அவர்களின் கல்லீரல் தன் உற்பத்தியை நிறுத்துவதில்லை. இன்சுலினுக்குத் திசுக்கள் சரியாகப் பணிவதுமில்லை. ஒரே குழந்தையிடம் காலையில் குறைவும் மாலையில் மிகுதியும் காணப்படுவது தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அரிதல்ல.

கால்சியமும் பாசுபரசும்

பிறக்கும் நேரத்தில் நிறைமாதக் குழந்தையின் குருதியில் மொத்தக் கால்சியம் டெசிலிட்டருக்கு 10 முதல் 11 மில்லிகிராம். தாயைவிட ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் கூடுதல். அந்த உயர்வு பாராதைராய்டு சுரப்பியை உறங்க வைத்திருக்கும். கொடி அறுந்ததும் வரத்து நின்று, சுரப்பி விழித்தெழுவதற்குள் கால்சியம் இறங்குகிறது. ஒன்று முதல் இரண்டு நாட்களில் அடிமட்டத்தை அடைந்து பின் ஏறுகிறது. குறைமாதக் குழந்தையிடம் இந்த இறக்கம் ஆழமானது, மீட்சி மெதுவானது. நிறைமாதக் குழந்தையிடம் மொத்தக் கால்சியம் 8-க்குக் கீழும், 1,500 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தையிடம் 7-க்குக் கீழும் இறங்குவதே குறைவாகக் கருதப்படுகிறது. இரண்டு எல்லைகள் இருப்பதற்கு ஒரு காரணம், குறைமாதக் குழந்தையின் குருதியில் அல்புமின் புரதம் குறைவு என்பது. கால்சியத்தின் ஒரு பகுதி அல்புமினோடு ஒட்டியே இருப்பதால் மொத்த அளவு தாழ்வாகத் தெரியும். உடல் உண்மையில் பயன்படுத்தும் அயனிக் கால்சியம் போதுமானதாகவே இருக்கலாம். எனவே வசதி உள்ள இடங்களில் அயனிக் கால்சியமே அளக்கப்படுகிறது.

முதல் வாரத்துக்குப் பின் வரும் சிக்கல் இதனினும் முக்கியமானது. அது ஓசையில்லாமல் வருகிறது. கருப்பையில் கடைசி மூன்று மாதங்களில் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 100 முதல் 130 மில்லிகிராம் கால்சியம் கருவுக்குச் சேர்கிறது. தாய்ப்பாலில் 100 மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 25 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. கிலோவுக்கு 180 மில்லிலிட்டர் பால் குடிக்கும் குழந்தைக்குக் கிடைப்பது 45 மில்லிகிராம். அதிலும் உறிஞ்சப்படுவது ஒரு பகுதியே. நிறைமாதக் குழந்தைக்கு இது தாராளம். 1,000 கிராம் குழந்தைக்குப் பாதிக்கும் குறைவு. ஆனாலும் அதன் குருதிக் கால்சியம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். குருதியில் அளவைக் காப்பாற்ற உடல் எலும்பிலிருந்து எடுத்துக்கொடுத்துவிடுகிறது. கால்சிய எண் நன்றாக இருக்கிறது என்று நிம்மதி அடையும் வேளையில் விலா எலும்பு மெலிந்துகொண்டிருக்கும்.

இதைக் காட்டிக்கொடுப்பது பாசுபரசு. அது லிட்டருக்கு 1.8 மில்லிமோலுக்குக் கீழே, அதாவது டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 5.6 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி, ஆல்கலைன் பாசுபட்டேசு என்ற நொதி லிட்டருக்கு 900 அலகுக்கு மேல் ஏறினால் எலும்பில் தாது குறைந்திருக்க வாய்ப்பு மிகுதி. பெரியவர்களின் குருதியில் பாசுபரசு 2.5 முதல் 4.5 மில்லிகிராம் என்பதால், 4 என்று வரும் முடிவை ஆய்வகம் இயல்பு எனக் குறித்து அனுப்பக்கூடும். வளரும் குழந்தைக்கு அது குறைவு. கவனிக்காமல் விட்டால் ஆடை மாற்றும்போதே எலும்பு முறிந்த நிகழ்வுகளும் உண்டு. தாய்ப்பாலோடு கால்சியம், பாசுபரசு, புரதம் கலந்த செறிவூட்டியைச் சேர்ப்பது இதற்காகவே.

பாசுபரசு முதல் வாரத்திலேயே சரிவதும் உண்டு, குறிப்பாகக் கருப்பையில் ஊட்டம் குறைந்து எடை குன்றிப் பிறந்தவர்களிடம். நாளம் வழியே அமினோ அமிலங்களை முதல் நாளிலேயே கொடுக்கத் தொடங்கினால் செல்கள் வளரத் தொடங்கி, குருதியில் உள்ள பாசுபரசையும் பொட்டாசியத்தையும் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. எலும்பு பாசுபரசை விடுவிக்கும்போது கால்சியமும் வெளியேறிக் குருதியில் ஏறுகிறது. நல்ல உணவு கொடுத்ததால் வந்த குறை இது. உணவைக் குறைப்பது தீர்வல்ல, பாசுபரசைக் கூட்டுவதே தீர்வு.

மக்னீசியத்தில் பொதுவாகப் பெரிய வேறுபாடு இல்லை. ஒரு விதிவிலக்கு: முன்சூல்வலிப்பைத் தடுக்கவோ குழந்தையின் மூளையைக் காக்கவோ தாய்க்கு மக்னீசியம் சல்பேட்டு கொடுக்கப்பட்டிருந்தால் குழந்தையின் அளவு உயர்ந்து, தசைகள் தளர்ந்திருக்கலாம்.

இரும்பு

குழந்தையின் உடலில் இரும்பு எடைக்கேற்பவே உள்ளது. கிலோவுக்கு ஏறக்குறைய 75 மில்லிகிராம். மூன்று கிலோ குழந்தையிடம் 225 மில்லிகிராம், ஒரு கிலோ குழந்தையிடம் 75. விகிதம் ஒன்றுதான். ஆனால் 28-ஆம் வாரத்தில் பிறந்த ஒரு கிலோ குழந்தை, நிறைமாதத் தேதி வருவதற்குள் மூன்று கிலோவை நோக்கி வளர வேண்டும். அந்த 12 வாரங்களில் 150 மில்லிகிராம் இரும்பு கூடுதலாகத் தேவை, நாளொன்றுக்கு 1.8 மில்லிகிராம். தாய்ப்பாலில் லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இல்லை. நிறைமாதக் குழந்தை தன் இருப்பை வைத்து ஏறக்குறைய ஆறு மாதம் ஓட்டிவிடும். குறைமாதக் குழந்தையின் இருப்பு இரண்டு, மூன்று மாதங்களில் தீர்ந்துவிடும்.

ஈமோகுளோபின் அளவு பிறப்பில் இரு சாராரிடமும் உயர்வாகவே இருக்கும். நிறைமாதக் குழந்தையிடம் அது 16, 17 கிராமிலிருந்து இறங்கி, 8 முதல் 12 வாரங்களில் 10, 11 அளவைத் தொடும். மிகக் குறைந்த எடையுள்ளவர்களிடம் இன்னும் முன்னதாகவே 7, 8 வரை இறங்கும். இந்தத் தொடக்க இறக்கத்துக்குக் காரணம் இரும்புக் குறைவு அல்ல. எலும்பு மச்சையைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் குறைவு, சிவப்பணுக்களின் ஆயுள் குறைவு, வேகமாகக் கூடும் குருதிக் கொள்ளளவு ஆகியவையே காரணம். இவற்றோடு, மருத்துவமனையே எடுக்கும் குருதியும் சேரும். ஒரு கிலோ குழந்தையின் உடலில் உள்ள மொத்தக் குருதி ஏறக்குறைய 85 மில்லிலிட்டர். அதிலிருந்து சோதனைக்கு எடுக்கும் ஒரு மில்லிலிட்டர், பெரியவர் ஒருவரிடமிருந்து 60 மில்லிலிட்டர் எடுப்பதற்குச் சமம்.

இரும்பைக் கூட்டும் மலிவான வழி, கொடியை உடனே இறுக்காமல் இருப்பது. சார்லசு டார்வினின் பாட்டனாரான மருத்துவர் இராசுமசு டார்வின் 1801-லேயே கொடியை அவசரமாகக் கட்டுவது குழந்தைக்குக் கேடு என எழுதியிருந்தார். அதைச் சோதித்து எண்ணாக்க இரு நூற்றாண்டுகள் பிடித்தன. சுவீடனில் 400 நிறைமாதக் குழந்தைகளிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், மூன்று நிமிடம் காத்திருந்து கொடி இறுக்கப்பட்ட குழந்தைகளின் ஃபெரிட்டின் நான்காம் மாதத்தில் 45 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இரும்புக் குறைவு 5.7 விழுக்காட்டிலிருந்து 0.6 ஆகச் சரிந்தது. குறைமாதக் குழந்தைகளில் பயன் அதைவிடப் பெரிது: 2023-இல் வெளியான தொகுப்பாய்வு, காத்திருத்தல் மருத்துவமனை இறப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைப்பதாகக் காட்டியது. 

இரும்பு இருப்பை அறிய ஃபெரிட்டினே அளக்கப்படுகிறது. தொற்று இருந்தால் அது பொய்யாக உயரும் என்பதையும், குருதி ஏற்றப்பட்ட குழந்தையிடம் இரும்பு மிகுந்தும் இருக்கலாம் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஏற்றப்படும் சிவப்பணுச் செறிவின் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் இரும்பு உள்ளது. குறைமாதத்தில் மிகக் குறைந்த எடையுடன் பிறந்து தாய்ப்பால் குடிப்பவர்களுக்கு இரண்டாம் வாரம் முதல் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 2 முதல் 4 மில்லிகிராம் இரும்பு கொடுக்க உலக சுகாதார அமைப்பு வழிகாட்டியுள்ளது.

கொழுப்பில் கரையும் உயிர்ச்சத்துகள்

உயிர்ச்சத்து கே குறைந்தால் குருதி உறைவதில்லை. பாசுட்டனில் சார்லசு டவுன்சென்டு என்ற மருத்துவர் 1894-இல் பிறந்த சில நாட்களில் காரணமின்றிக் குருதி கசியும் 50 குழந்தைகளை விவரித்தார். காரணம் புரிய என்ரிக் டாம் 1930-களில் இந்த உயிர்ச்சத்தைக் கண்டறியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்காக அவருக்கும் எட்வர்டு டாய்சிக்கும் 1943-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. தாய்ப்பாலில் இது லிட்டருக்குச் சில மைக்ரோகிராமே உள்ளது. பிறந்து இரண்டு முதல் 12 வாரங்களில் வரும் தாமதக் கசிவில் பாதியளவு மூளைக்குள் நிகழ்வதால், பிறந்தவுடன் தொடையில் போடப்படும் ஒரு மில்லிகிராம் ஊசி எளிய செயலாயினும் தவறவிடக் கூடாதது. 1,000 கிராமுக்குக் குறைந்தவர்களுக்கு இந்தியாவில் அரை மில்லிகிராம். ஊசிக்குப் பின் குறைமாதக் குழந்தையின் குருதி அளவு பெரியவர்களின் அளவைவிடப் பன்மடங்கு ஏறிவிடுவதால்தான் மிகச் சிறியவர்களுக்கு மருந்தளவு குறைக்கப்படுகிறது.

உயிர்ச்சத்து டி-யில் குறைமாதம், நிறைமாதம் என்பதைவிடத் தாயின் அளவே முதன்மை. தொப்புள்கொடியில் தாயின் அளவில் 60 முதல் 80 விழுக்காடு இருக்கும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத தென்னிந்தியாவிலும் தாய்மாரிடம் குறைவு பரவலாக உள்ளது. மைசூரில் நடந்த ஓர் ஆய்வில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினரிடம் அளவு போதவில்லை. பிறந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு 400 அலகு சொட்டு மருந்து பரிந்துரைக்கப்படுவதன் காரணம் இது.

உயிர்ச்சத்து ஏ நுரையீரலின் உட்படலம் சீராக வளர வேண்டும். குறைமாதக் குழந்தைகள் பலரிடம் ரெட்டினால் டெசிலிட்டருக்கு 20 மைக்ரோகிராமுக்குக் கீழே உள்ளது. அமெரிக்காவில் 807 மிகச் சிறிய குழந்தைகளிடம் நடந்து 1999-இல் வெளியான ஆய்வில், வாரம் மூன்று முறை 5,000 அலகு ஊசி, இறப்போ நாட்பட்ட நுரையீரல் நோயோ அடைவோரை 62 விழுக்காட்டிலிருந்து 55 விழுக்காடாகக் குறைத்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் இதைக் கொடுக்கலாமா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2003-இல் வெளியான அதில் 11,619 குழந்தைகள் பங்கேற்றனர். பிறந்த இரு நாட்களுக்குள் 48,000 அலகு பெற்றவர்களிடம் ஆறு மாதத்துக்குள்ளான இறப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் பின்னர் அரியானா, கானா, தான்சானியா ஆகிய இடங்களில் நடந்த பெரிய ஆய்வுகள் அத்தகைய தெளிவான பயனைக் காட்டவில்லை. எல்லாப் பச்சிளங்குழந்தைகளுக்கும் கொடுக்கும் திட்டத்தை உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கவில்லை.

உயிர்ச்சத்து ஈ-யின் வரலாறு எச்சரிக்கையானது. அதன் குறைவால் குறைமாதக் குழந்தைகளின் சிவப்பணுக்கள் சிதைவதை 1967-இல் ஆசுக்கியும் பார்னசும் விளக்கினர். குறை இருந்தால் நிரப்பலாம் என்ற எண்ணத்தில் போதிய சோதனையின்றி விற்பனைக்கு வந்த, நாளம் வழியே செலுத்தும் ஒரு தயாரிப்பு, அமெரிக்காவில் 38 குழந்தைகளின் இறப்போடு தொடர்புபடுத்தப்பட்டு 1984-இல் திரும்பப் பெறப்பட்டது.

செப்பு, துத்தநாகம், கொழுப்பு அமிலங்கள்

பிறந்த குழந்தையின் குருதியில் செப்பு தாயின் அளவில் கால்பங்கே உள்ளது. இது குறைவு அல்ல. செப்பைச் சுமக்கும் புரதம் இன்னும் உற்பத்தியாகவில்லை என்பதே பொருள். இருப்பு கல்லீரலில் உள்ளது. கல்லீரலில் சேமிக்காமலே பிறந்த குறைமாதக் குழந்தையிடமும் குருதி எண் ஏறக்குறைய இப்படியே தாழ்ந்து தெரியும் என்பதால் இருவரையும் அந்த எண்ணால் பிரித்தறிய இயலாது. துத்தநாகம் பிறப்பில் உயர்ந்திருந்து பின் இறங்குகிறது. தாய்ப்பால் மட்டும் குடித்து வேகமாக வளரும் குறைமாதக் குழந்தைக்கு வாயைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் புண் தோன்றினால் துத்தநாகத்தை நினைக்க வேண்டும்.

மூளையில் சேரும் டிஎச்ஏ என்ற கொழுப்பு அமிலம் குறைமாதக் குழந்தைகளின் குருதியில் பிறந்த பின் சரிகிறது. 29 வாரங்களுக்கு முன் பிறந்தவர்களுக்கு அதைக் கூடுதலாகக் கொடுத்த ஆய்வு 2017-இல் நுரையீரல் நோயைத் தடுக்கவில்லை என்றே முடிந்தது. அதே குழந்தைகளில் ஒரு பகுதியினரை ஐந்து வயதில் பார்த்தபோது, கூடுதலாகப் பெற்றோரின் அறிவுத்திறன் எண் மூன்றரைப் புள்ளி உயர்ந்திருந்தது 2022-இல் தெரியவந்தது.

அளப்பதில் உள்ள சிக்கல்கள்

முழுக்குருதியில் அளக்கும் குளுக்கோசு, பிளாசுமாவில் அளப்பதைவிட 10 முதல் 15 விழுக்காடு குறைவு. மாதிரியை அறை வெப்பத்தில் வைத்துவிட்டால் சிவப்பணுக்கள் குளுக்கோசைத் தின்று, மணிக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் குறைத்துவிடும். பிறந்த குழந்தையின் குருதியில் சிவப்பணுக்கள் மிகுதி என்பதால் இந்தப் பிழையும் மிகுதி. பெரியவர்களுக்காகச் செய்யப்பட்ட கையடக்கச் சோதனைக் கருவிகள் குறைந்த அளவுகளில் துல்லியமற்றவை. குளிர்ந்த குதிகாலைப் பிசைந்து எடுத்த குருதியில் பொட்டாசியம் பொய்யாக ஏறும். ஆகவே கருவி குறைவு எனக் காட்டினால் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பப்படுகிறது. சிகிச்சை மட்டும் அந்த முடிவுக்காகக் காத்திருப்பதில்லை.

இவற்றுக்கு அப்பால், குறைமாதக் குழந்தைக்கு எது இயல்பு என்பதே எளிதான கேள்வி அல்ல. நலமான நிறைமாதக் குழந்தைகளை அளந்து அட்டவணை போடலாம். 27 வாரத்தில் பிறந்த நலமான குழந்தை என்று எவரும் இல்லை. அந்த வாரத்தில் நலமாக இருப்பது கருப்பைக்குள் இருக்கும் கருவே, அதன் குருதியோ நஞ்சுக்கொடியோடு இணைந்தது. எனவே பல எல்லைகள், சிக்கல் தோன்றியவர்களையும் தோன்றாதவர்களையும் ஒப்பிட்டு வகுக்கப்பட்டவை. நடைமுறையில் குளுக்கோசும் அயனிக் கால்சியமும் முதல் நாட்களில் அடிக்கடி அளக்கப்படுகின்றன. பாசுபரசும் ஆல்கலைன் பாசுபட்டேசும் நான்காம் வாரத்திலிருந்து ஒன்று, இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை பார்க்கப்படுகின்றன. செப்பு, ஏ, ஈ ஆகியவை ஐயம் எழுந்தால் மட்டுமே. ஒரே குத்தலில் கிடைக்கும் சில துளிகளிலிருந்து எல்லாவற்றையும் அளக்கும் நுண்மாதிரி முறைகளைப் பயன்படுத்தும் பிரிவுகளில், குழந்தைகளுக்குக் குருதி ஏற்ற வேண்டிய தேவையும் குறைகிறது.